ஜீன் நார்மல், மெதிலேஷன் அப்நார்மல்: அப்ப கேன்சர் எங்கேருந்து வரும்?

நீங்க கேட்டதை என் வார்த்தையில ஒருதடவை திருப்பிச் சொல்லிக்கிறேன், சரியா புரிஞ்சுதான் எழுதறேனான்னு நீங்களே பாத்துக்கோங்க. பொண்ணுக்கு 10 மாசம், ஐவிஎஃப்ல பிறந்த குழந்தை, பிறக்கும்போதே நாக்கு பெருசு, முதல் ரெண்டு நாள் சுகர் இறங்கிப்போச்சு, அப்புறம் ஒரு கால் மட்டும் இன்னொண்ணைவிட தடிமனா இருக்கேன்னு டெஸ்ட் எடுத்ததுல பெக்வித்-வீடமன் சிண்ட்ரோம்னு (உடம்போட சில பாகம் அளவுக்கு மீறி வளர்ற பிறவிக் கோளாறு) வந்திருக்கு. ரிப்போர்ட்ல மியூட்டேஷன் இல்ல, ஆனா மெதிலேஷன் அப்நார்மல்னு போட்டிருக்கு, கேன்சர் வர வாய்ப்பு மத்த குழந்தைங்களைவிட அதிகம், அதனால மூணு மாசத்துக்கு ஒருதடவை வயித்து ஸ்கேன் எடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஜீன்ல தப்பே இல்லன்னா கேன்சர் எப்படி வரும், ஐவிஎஃப் பண்ணதாலதான் இப்படின்னு வீட்ல சொல்றாங்களே அது உண்மையா, எபிஜெனடிக்ஸ்னா (டிஎன்ஏ எழுத்து மாறாம ஜீன் ஓடறது மட்டும் மாறறது) சாப்பாட்டை மாத்தினாலே சரியாயிடும்னு யூடியூப்ல சொல்றாங்களே அது உண்மையா. கேள்வி இவ்வளவுதான். ஆனா "நான் ஏதாவது பண்ணி இது வந்துச்சா"ங்கறதுதான் அடியில இருக்கற கேள்வின்னு எனக்குப் படுது, அதுக்கு முதல்லயே சொல்லிடறேன்: இல்ல. காரணத்தைக் கீழ விவரமா எழுதறேன்.

நான் குழந்தைங்களைப் பாக்கற டாக்டர் இல்ல. பல வருஷமா மாலிகுலர் பேத்தாலஜி லேப்ல இருக்கேன், ட்யூப்ல வர்ற ரத்தம், மெழுகு பிளாக்ல பதிச்சு வர்ற திசு, இதுதான் என் உலகம். அதனால டெஸ்ட் எப்படி வேலை செய்யுது, ரிசல்ட்டுக்கு என்ன அர்த்தம்ங்கறதை நம்பிக்கையா சொல்ல முடியும், உங்க பொண்ணுக்கு அடுத்து என்ன செய்யணும்ங்கறது அவளைக் கையில தூக்கிப் பாத்த டாக்டர் சொல்லவேண்டியது.

முதல்ல அந்த "ஜீன்ல தப்பு இல்ல"ங்கறதை எடுத்துப்போம். நம்ம ஒவ்வொரு ஜீனுக்கும் ரெண்டு காப்பி, ஒண்ணு அம்மாகிட்டேருந்து, ஒண்ணு அப்பாகிட்டேருந்து. பெரும்பாலான ஜீன்கள்ல ரெண்டு காப்பியும் வேலை செய்யும், எது யார் கொடுத்ததுன்னு செல் பாக்கறதே இல்ல. ஆனா சுமார் 100 ஜீன்கள் மட்டும் விதிவிலக்கு. சிலதுல அப்பா கொடுத்த காப்பி மட்டும்தான் ஓடணும், சிலதுல அம்மா கொடுத்தது மட்டும்தான். எழுத்து ரெண்டுலயும் ஒண்ணேதான், ஆனா ஒண்ணு மேல மட்டும் ஒரு அடையாளம் இருக்கும். அந்த அடையாளம்தான் மெதிலேஷன், அதாவது டிஎன்ஏ-ல சி எழுத்துக்குப் பக்கத்துல ஜி வர்ற இடங்கள்ல அந்த சி மேல ஒட்டிக்கிற ஒரு குட்டி ரசாயனத் துண்டு. முட்டை உருவாகும்போது அம்மா உடம்புலயும், விந்தணு உருவாகும்போது அப்பா உடம்புலயும் இது வேற வேற இடத்துல போடப்படுது. இதுக்குப் பேருதான் இம்ப்ரின்டிங். மியூட்டேஷன்னா எழுத்து மாறணும், இங்க எழுத்து மாறல, அடையாளம் இடம் மாறியிருக்கு, அதனால எழுத்தை மட்டும் படிக்கற சீக்வென்சிங் மெஷின் எல்லாம் நார்மல்னுதான் சொல்லும். அது பொய் சொல்லல, நாம அதுகிட்ட கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

இந்தச் சிண்ட்ரோம் உள்ள குழந்தைங்கள்லயே இதுக்கு ரொம்பத் தெளிவான சாட்சி இருக்கு. ஒரே கருமுட்டைலேருந்து பிரிஞ்ச இரட்டைக் குழந்தைங்க, அதுவும் பெரும்பாலும் பெண் குழந்தைங்க, டிஎன்ஏ எழுத்துக்கு எழுத்து ஒண்ணு, ஆனா ஒருத்திக்கு பெக்வித்-வீடமன் இருக்கும், இன்னொருத்திக்கு இருக்காது. இப்படி உலகம் முழுக்க நிறைய ஜோடிகளைப் பதிவு பண்ணியிருக்காங்க. வித்தியாசம் அந்த மெதில் அடையாளத்துலதான்.

இதெல்லாம் எலியில ஆரம்பிச்ச கதை. 1984ல கேம்ப்ரிட்ஜ்ல அஸிம் சுரானி குழுவும், ஃபிலடெல்ஃபியால மெக்ராத், சோல்டர் ரெண்டு பேரும், தனித்தனியா, எலியோட கருமுட்டையில நியூக்ளியஸை மாத்தி வச்சுப் பாத்தாங்க. ரெண்டு அம்மா செட் குரோமோசோம் போட்டா கரு ஓரளவு உருவாகும், நஞ்சுக்கொடி சரியா வராது. ரெண்டு அப்பா செட் போட்டா நஞ்சு திசு தாறுமாறா வளரும், கரு தேறாது. எண்ணிக்கை சரியா இருந்தாலும் ஒண்ணு அம்மாவோடதா ஒண்ணு அப்பாவோடதா இருந்தே ஆகணும்.

மனுஷங்கள்லயும் இயற்கையே இந்தப் பரிசோதனையை அப்பப்ப பண்ணிக் காட்டிடுது, இதை நாங்க லேப்ல கண்ணால பாக்கறோம். முத்துப்பிள்ளை கர்ப்பம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, கருவே இல்லாம திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கட்டியா வருமே அது. அதுல முழு வகைன்னா அம்மாவோட நியூக்ளியஸ் இருக்காது, 46 குரோமோசோமும் அப்பாவோடது. அந்தத் திசுவை ஸ்லைடு போட்டு பி57னு ஒரு ஸ்டெயின் போடுவோம். பி57ங்கறது அம்மா காப்பிலேருந்து மட்டும் தயாராகிற புரோட்டீன். சாதாரணக் கர்ப்பத் திசுவா இருந்தா வில்லைங்கற விரல் மாதிரி அமைப்புக்குள்ள நியூக்ளியஸ் எல்லாம் பழுப்பா தெரியும். முழு முத்துப்பிள்ளைல அந்த நியூக்ளியஸ் எல்லாம் வெறும் நீலம், அதே ஸ்லைடுல பக்கத்துல ஒட்டியிருக்கற அம்மாவோட கர்ப்பப்பைத் திசு மட்டும் நல்ல பழுப்பு. அம்மாவோட காப்பி உள்ளயே வரலங்கறது நிறத்துல தெரியும், எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்காத ஸ்லைடு அது. இந்த வகைக் கர்ப்பத்தைச் சுத்தம் பண்ணின பிறகும் 100ல 15 முதல் 20 பேருக்கு அது புத்துநோயா தொடரக்கூடும், அதனாலதான் ஹெச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோன் அளவை விடாம பாத்துக்கிட்டே இருப்பாங்க, வந்தாலும் மருந்துல நல்லா குணமாகற வகை. இதுக்கு நேர்மாறா, முழுக்க அம்மா செட்லேருந்து வர்றது சினைப்பையில வர்ற டெர்மாய்டு கட்டி, உள்ள முடி, பல், கொழுப்பு எல்லாம் இருக்கும், நஞ்சுத் திசு மட்டும் இருக்காது. இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அந்த பி57 புரோட்டீனைத் தயாரிக்கிற ஜீன், சிடிகேஎன்1சி, உங்க பொண்ணோட ரிப்போர்ட் பேசற அதே இடத்துலதான் இருக்கு.

அந்த இடம் 11வது குரோமோசோமோட குட்டைக் கையோட நுனி. அங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கன்ட்ரோல் சென்டர், ஐசி1, ஐசி2ன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கும். ஐசி1 பாக்கறது ஐஜிஎஃப்2ங்கற வளர்ச்சி ஜீனை, கருவுல இருக்கற குழந்தையை வளரவைக்கற முக்கியமான சிக்னல்கள்ல ஒண்ணு அது, அப்பா காப்பி மட்டும்தான் ஓடணும். ஐசி2 பாக்கறது மேல சொன்ன சிடிகேஎன்1சி, அது பிரேக், செல் பெருகறதை நிறுத்தறது, அம்மா காப்பி மட்டும்தான் ஓடும்.

ஐசி1 எப்படி வேலை செய்யுதுன்னு வயல்ல தண்ணி பாய்ச்சறவங்களுக்குச் சொன்னா சட்டுன்னு புரிஞ்சுடும். ஒரே வாய்க்கால், தண்ணி முதல்ல ஹெச்19ங்கற பக்கத்து ஜீனோட வயலைத் தாண்டித்தான் ஐஜிஎஃப்2 வயலுக்குப் போகணும். அம்மாவோட குரோமோசோம்ல நடுவுல மடையை அடைச்சு வச்சிருக்கு, அடைக்கற பலகை சிடிசிஎஃப்னு ஒரு புரோட்டீன், அதனால தண்ணி முழுக்க ஹெச்19க்கே. அப்பாவோட குரோமோசோம்ல அதே இடத்துல மெதில் ஒட்டியிருக்கறதால பலகை உக்கார முடியாது, மடை திறந்தே கிடக்கும், தண்ணி ஐஜிஎஃப்2க்குப் பாயும். 2000ல இதைத் தெளிவா காட்டினாங்க. இப்ப அம்மாவோட காப்பிலயும் தப்பா மெதில் ஒட்டிக்கிச்சுன்னா? ரெண்டு மடையும் திறந்துடுச்சு. ஐஜிஎஃப்2 டபுள். ஒரு எழுத்துகூட மாறாம வளர்ச்சி சிக்னல் ரெண்டு மடங்கு. உங்க முதல் கேள்விக்கு நேரடி பதில் இதுதான்.

ஆனா வளர்ச்சி சிக்னல் ரெண்டு மடங்குன்னா கேன்சர்னு அர்த்தம் இல்ல, இங்கதான் நிறைய பேர் பயந்துடறாங்க. நடக்கறது என்னன்னா, பிறக்கறதுக்கு முன்னாடியே காணாமப் போகவேண்டிய கிட்னியோட கருநிலைச் செல்கள் கொஞ்சம் தங்கிடுது, அதுங்க தள்ளுவிசையோட பெருகிக்கிட்டே இருக்கு, அப்படிப் பெருகற கூட்டத்துல எங்கயோ ஒரு செல்லுக்கு இன்னொரு தப்பும் சேர்ந்தா வில்ம்ஸ் ட்யூமர், அதாவது குழந்தைங்களுக்கு வர்ற கிட்னி கேன்சர் ஆகும். அந்த ரெண்டாவது தப்பு நடக்காமலே போகறதுதான் பெரும்பாலான குழந்தைங்க கதை. இந்தச் சிண்ட்ரோம் உள்ள குழந்தைங்கள்ல மொத்தமா பாத்தா 100ல 8 பேருக்குப் பக்கமாத்தான் ஏதாவது ட்யூமர் வருது, மீதிப் பேருக்கு வர்றதே இல்ல.

இந்தச் சிண்ட்ரோம் இல்லாத குழந்தைங்களுக்கு வர்ற வில்ம்ஸ் ட்யூமர்லயும் நிறைய தடவை இதே இடம்தான் குற்றவாளி. 1993ல அமெரிக்காவுல ஃபைன்பெர்க் குழுவும் நியூசிலாந்து ஒடாகோ யுனிவர்சிட்டியில ரீவ் குழுவும் ஒரே சமயத்துல, வில்ம்ஸ் ட்யூமர் செல்லுக்குள்ள ஐஜிஎஃப்2ஓட அம்மா காப்பியும் சேர்ந்து ஓடறதைக் கண்டுபிடிச்சாங்க. இம்ப்ரின்டிங் கெட்டுப்போறது மனுஷக் கேன்சர்ல இருக்குன்னு முதல்ல தெரிஞ்சது அப்பதான். 2005ல எலியில இன்னும் ரெண்டு வேலை வந்துச்சு, ஒண்ணுல இம்ப்ரின்டிங்கை மொத்தமா அழிச்ச செல்லுலேருந்து உருவான எலிங்களுக்கு ட்யூமர் வந்துச்சு, இன்னொண்ணுல ஏற்கனவே குடல் கட்டி வர்ற வகை எலியில ஐஜிஎஃப்2 மட்டும் டபுள் ஆனதுக்கே கட்டி எண்ணிக்கை கூடிச்சு.

கேன்சர்ல எபிஜெனடிக்ஸ்னு இன்னிக்கு ஆயிரம் பேப்பர் வருது, அதுல எனக்கு மனசுல உறுதியா நிக்கிறது இந்த இம்ப்ரின்டிங் பகுதிதான், ஏன்னா இங்க எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியும். குழந்தை பிறக்கும்போதே அடையாளம் மாறியிருக்கு, ட்யூமர் வந்தா அதுக்கப்புறம்தான் வருது. பெரியவங்களுக்கு வர்ற கேன்சர்ல அந்த வரிசையைச் சொல்றது கஷ்டம். 1983ல ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் பெருங்குடல் கேன்சர் செல்லுல மெதிலேஷன் குறைஞ்சிருக்குன்னு காட்டினதுலேருந்து, எந்தக் கட்டியை எடுத்துப் பாத்தாலும் மொத்தத்துல மெதில் குறைஞ்சும், சில ஜீனோட தொடக்கத்துல மட்டும் அளவுக்கு மீறி சேர்ந்தும் இருக்கும். ஆனா அப்படி மெதில் சேர்ந்த ஜீன்கள்ல பாதிக்கு மேல அந்தத் திசுவுல எப்பவோ தூங்கிக்கிட்டிருந்த ஜீன்களாத்தான் இருக்கும், தூங்கறவனைப் பூட்டி வச்சதால என்ன மாறிடப் போகுது? அது கேன்சருக்குக் காரணமா, கேன்சரால வந்த குப்பையான்னு ஒவ்வொரு ஜீனுக்கும் தனித்தனியா நிரூபிக்கணும், பல பேப்பர்ல அதைச் செய்யறதில்லங்கறது என் அபிப்பிராயம்.

நிரூபிச்சதும் இருக்கு, இல்லன்னு சொல்லல. எம்எல்ஹெச்1னு ஒரு ரிப்பேர் ஜீன், டிஎன்ஏ காப்பி எடுக்கும்போது வர்ற எழுத்துப்பிழையைத் திருத்தறது. பெருங்குடல் கேன்சர்ல சுமார் 15 சதவீதத்துல இந்தத் திருத்தற வேலை நின்னுபோயிருக்கும், அதுல பெரும்பகுதி இந்த ஜீன் மெதில் ஆகி மூடிக்கிட்டதால, சின்னப் பகுதிதான் லிஞ்ச் சிண்ட்ரோம்ங்கற பரம்பரை வகை. லேப்ல இது தினசரி வேலை: கட்டியில மெதிலேஷன் இருந்தா, கூடவே பிராஃப்ங்கற ஜீன்ல ஒரு குறிப்பிட்ட மியூட்டேஷனும் இருந்தா, குடும்பத்துல மத்தவங்க பயப்பட வேண்டியதில்லன்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம். அதே மாதிரி மூளையில வர்ற கிளியோபிளாஸ்டோமால எம்ஜிஎம்டி ஜீன் மெதில் ஆகி மூடியிருந்தா டெமோசோலமைடு மருந்து நல்லா வேலை செய்யும். 2005ல வந்த ட்ரயல்ல, மூடியிருந்தவங்களுக்கு ரேடியேஷனோட இந்த மருந்தும் சேர்த்தப்ப பாதிப் பேராவது உயிரோட இருந்த காலம் (மீடியன்) 21.7 மாசம், வெறும் ரேடியேஷனுக்கு 15.3 மாசம். இங்க மெதிலேஷன் நோயாளிக்கு நல்லது பண்ணுது, அதாவது மெதிலேஷன்னாலே கெட்டதுன்னு பொதுவா சொல்ல முடியாது, எந்த ஜீன் மேல உக்காந்திருக்குங்கறதுதான் விஷயம்.

சரி, உங்க ரிப்போர்ட்டுக்கு வர்றேன், எனக்கு இதுதான் முக்கியமான பத்தி. மெதிலேஷன் அப்நார்மல்ங்கற ஒத்தை வரியோட நிறுத்திக்காதீங்க, கீழ எண்கள் இருக்கும், அதைப் பாருங்க. இந்த டெஸ்ட்ல மெதில் இல்லாத இடத்தை மட்டும் வெட்டற ஒரு என்சைமைப் போடுவோம், வெட்டுப்படாம மிச்சம் இருக்கறதை அளப்போம். ஐசி1லயும் ஐசி2லயும் ஒரு காப்பி மெதில் உள்ளது ஒரு காப்பி இல்லாததுங்கறதால நார்மல் ஆளுக்கு ரெண்டுமே 0.5 பக்கம் நிக்கணும். ஐசி2 மட்டும் கீழ இறங்கியிருந்தா, 0.1, 0.2ன்னு, அது அம்மா காப்பியோட அடையாளம் தொலைஞ்சு அந்த பிரேக் சரியா ஓடாத வகை, இந்தச் சிண்ட்ரோம்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் இதுதான். ஐசி1 மட்டும் மேல ஏறியிருந்தா ரெண்டு மடையும் திறந்த வகை, 100ல 5 முதல் 10 பேர். ஐசி1 மேலயும் ஐசி2 கீழயும் ரெண்டும் சேர்ந்து நகர்ந்திருந்தா, அந்தத் துண்டு ரெண்டுமே அப்பாகிட்டேருந்து வந்த வகை, அஞ்சுல ஒருத்தர். மீதியில கொஞ்சம் பேருக்கு சிடிகேஎன்1சி ஜீன்லயே நிஜ மியூட்டேஷன், அது உங்களுக்கு இல்லன்னு சீக்வென்சிங் சொல்லிடுச்சு. இன்னும் கொஞ்சம் பேருக்கு ரத்தத்துல எதுவுமே தெரியாது.

ஏன் இதைப் பிரிச்சுப் பாக்கணும்னா ட்யூமர் வாய்ப்பு ஒவ்வொண்ணுக்கும் தலைகீழா மாறுது. 2018ல வந்த சர்வதேச நிபுணர் குழு தொகுத்த கணக்குப்படி ஐசி1 வகைக்கு சுமார் 28 சதவீதம், பெரும்பாலும் வில்ம்ஸ். ரெண்டும் அப்பாகிட்டேருந்து வந்த வகைக்கு சுமார் 16. சிடிகேஎன்1சி மியூட்டேஷனுக்கு சுமார் 7. ஐசி2 வகைக்கு வெறும் 2.6. ஒரே சிண்ட்ரோம், ஒரே நாக்கு, ஒரே கால், ஆனா 28 எங்க 2.6 எங்க. அதனால "பெக்வித்-வீடமன்னா கேன்சர்"னு யாராவது சொன்னா எந்த வகைன்னு திருப்பிக் கேளுங்க.

ஸ்கேன் விஷயத்துல நிபுணர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லங்கறதையும் சொல்லிடணும். அந்த 2018 குழு, ஐரோப்பாக்காரங்க அதிகம் இருந்த குழு, ஐசி2 வகைக்கு ஸ்கேன் கட்டாயம் இல்லன்னு சொல்லிடுச்சு, மத்த வகைக்கு மூணு மாசத்துக்கு ஒருதடவை, 7 வயசு வரைக்கும். அமெரிக்காவுல எந்த வகையா இருந்தாலும் ஸ்கேன் எடுங்கன்னுதான் சொல்றாங்க, கூட கல்லீரல் கட்டிக்காக ஏஎஃப்பின்னு ஒரு ரத்தப் பரிசோதனையும் ஆரம்ப வருஷங்கள்ல செய்யறாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஒரு சதவீதமா இருந்தாலும் பாத்துடலாம்ங்கறது ஒரு பக்கம், மூணு மாசத்துக்கு ஒருதடவை குடும்பத்தையே பதற வைக்கறது எதுக்குங்கறது இன்னொரு பக்கம். உங்க டாக்டர் எடுக்கச் சொல்லியிருந்தா எடுங்க, அல்ட்ராசவுண்ட்ல ரேடியேஷன் கிடையாது, குழந்தைக்கு அதனால கெடுதல் இல்ல. மூணு மாசம்ங்கறது சும்மா போட்ட கணக்கு இல்ல, வில்ம்ஸ் வேகமா வளர்ற கட்டி, ஆறு மாசம் விட்டா ஆரம்பக் கட்டத்தைத் தவறவிட்டுடலாம். சீக்கிரம் புடிச்சா நல்ல சிகிச்சை கிடைக்கற இடங்கள்ல 100ல 90 குழந்தைங்க பிழைச்சுக்கறாங்க. ஏஎஃப்பி எடுத்தா ஒண்ணு கவனிக்கணும், பச்சைக் குழந்தைக்கு அது இயல்பாவே அதிகம், இந்தச் சிண்ட்ரோம் இருந்தா இன்னும் அதிகம், பெரியவங்களுக்கான நார்மல் அளவைப் பக்கத்துல அச்சடிச்சு லேப் ரிப்போர்ட் சிவப்பு எழுத்துல வந்தா பதறிடாதீங்க, ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கிட்டே வருதாங்கறதுதான் பாக்கவேண்டியது. ஸ்கேனுக்கு நடுவுல, குளிப்பாட்டும்போது வயித்துல ஏதாவது கெட்டியா கைக்குத் தட்டுப்பட்டா (வில்ம்ஸ் ட்யூமர்ல நிறைய அப்படித்தான் அம்மாக்கள் கைக்கு முதல்ல தெரியுது) அழுத்தி அழுத்திப் பாக்காதீங்க, அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காம போயிடுங்க.

இன்னொண்ணு, ரத்தத்துல வந்த அந்த எண் உடம்பு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. இந்த மாற்றம் பெரும்பாலும் கரு சில செல்லா இருக்கும்போதே நடக்கறது, சில செல் மாறியிருக்கும், சில செல் மாறாம இருக்கும், அதனாலதான் ஒரு கால் மட்டும் பெருசு. ரத்தத்துல லேசா மாறியிருந்து கிட்னியில நிறைய மாறியிருக்கலாம், நேரெதிராவும் இருக்கலாம். அதனால எண் 0.1 கூடவா குறைவாங்கறதை வச்சு நீங்களா கணக்குப் போடாதீங்க, எந்த வகைங்கறது மட்டும் போதும்.

இப்ப வீட்டுப் பேச்சு. ஐவிஎஃப்ல பிறந்த குழந்தைங்கள்ல இந்தச் சிண்ட்ரோம் சில மடங்கு அதிகமா வருதுன்னு 2003லேருந்து பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது, அந்தத் தொடர்பு இருக்குங்கறதுல சந்தேகம் குறைவு. ஆனா சாதாரணமா 10,000 பிறப்புக்கு ஒண்ணு பக்கம் வர்றது சில மடங்கு ஆனாலும் அபூர்வம்தான், ஐவிஎஃப்ல பிறக்கற பிள்ளைங்கள்ல மிகப் பெரும்பாலோருக்கு இது கிடையாது. சந்தேகமா இருக்கறது காரணம்: லேப்ல கருவை வளர்க்கற திரவமா, முட்டையைத் தூண்டற ஊசியா, இல்ல குழந்தை தங்காததுக்கு முன்னாடியே உடம்புல இருந்த ஏதோ ஒண்ணேவான்னு பிரிச்சுச் சொல்ல இன்னும் முடியல. ஐவிஎஃப்போட தொடர்புள்ள கேஸ்கள்ல அதிகமா இருக்கறது ஐசி2 வகை, அதாவது ட்யூமர் வாய்ப்பு குறைஞ்ச வகைங்கறது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கலாம், ஆனாலும் ரிப்போர்ட்டைப் பாத்துதான் முடிவு பண்ணணும். மாமியார்கிட்ட சொல்ல ஒரு வரி வேணும்னா, ஐவிஎஃப் இல்லாமலே இந்தச் சிண்ட்ரோமோட பிறக்கற குழந்தைங்கதான் அதிகம்னு சொல்லுங்க.

நீங்க சாப்பிட்டது, சாப்பிடாதது, போட்ட மாத்திரை, இதுக்கெல்லாம் இந்தச் சிண்ட்ரோமோட தொடர்பு காட்டினதா உறுதியான ஆய்வு எனக்குத் தெரிஞ்சு இல்ல. சாப்பாடும் மெதிலேஷனும் பத்தி எல்லாரும் எடுத்துக் காட்டறது நெதர்லாந்துப் பஞ்சம், 1944-45 குளிர்காலத்துல நாஜிகள் உணவை மறிச்சப்ப கருவா உருவானவங்களை 60 வருஷம் கழிச்சுப் பாத்தா, அதே ஐஜிஎஃப்2 பக்கத்துல மெதில் அவங்க கூடப்பிறந்தவங்களைவிடக் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. உண்மையான ஆய்வு, நல்ல ஆய்வு. ஆனா வித்தியாசம் ரொம்பச் சின்னது, அது இந்தச் சிண்ட்ரோம் இல்ல, அதனால கேன்சர் வந்துச்சுன்னும் அந்த ஆய்வு சொல்லல. ஃபோலிக் ஆசிட் மெதில் கொடுக்கற சத்து, அதனாலதான் வந்துச்சுன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க, அடுத்த கர்ப்பத்துல அதை நிறுத்தறதுதான் நிஜ ஆபத்து, குழந்தையோட முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கற மாத்திரை அது.

மாத்த முடியுமான்னா, இன்னிக்கு முடியாது. மெதிலை அழிக்கற மருந்து நிஜமாவே இருக்கு, அசாசிட்டிடின் 2004லயும் டெசிட்டபின் 2006லயும் அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு, எம்டிஎஸ்ங்கற எலும்பு மஜ்ஜை நோய்க்கு இப்பவும் கொடுக்கறாங்க. ஆனா அது ஒரு இடத்தை மட்டும் பாத்து அழிக்கற மருந்து இல்ல, ஜீனோம் முழுக்க அழிக்கும், ரத்த அணுக்களை இறக்கும், ஆரோக்கியமா விளையாடிக்கிட்டிருக்கற குழந்தைக்கு அதை யோசிக்கக்கூடக் கூடாது. ஐசி1ல மெதில் அதிகம், ஐசி2ல குறைவு, ரெண்டும் எதிரெதிர் திசை, ஒரு கேப்சூல் எதைச் சரி பண்ணும்? மஞ்சள், கிரீன் டீ, "ஜீனை ஆஃப் பண்ற" பொடின்னு விக்கறவங்க யாரும் உங்க பொண்ணோட 11வது குரோமோசோமைப் போய்த் தொடப்போறதில்ல, காசு மிச்சம் பண்ணுங்க.

அடுத்த குழந்தை பத்தி நீங்க கேக்கல, ஆனா கேக்காம இருக்க முடியாதுன்னு தெரியும். அடையாளம் மட்டும் மாறின வகையிலயும், துண்டு ரெண்டும் அப்பாகிட்டேருந்து வந்த வகையிலயும் திரும்ப வர வாய்ப்பு பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழ. விதிவிலக்கு ஐசி1 வகை, அதுல சிலருக்கு அந்த இடத்துல ஒரு குட்டித் துண்டு டிஎன்ஏ விடுபட்டிருக்கும், அது அம்மா வழியா வந்தா அடுத்ததுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, சாதாரண சீக்வென்சிங்ல அது தப்பிச்சுடலாம். அதனால ஐசி1னு இருந்தா மட்டும், "காப்பி நம்பர் பாத்தீங்களா, டெலிஷன் இருக்கான்னு பாத்தீங்களா"ன்னு ஜெனடிக்ஸ் டாக்டர்கிட்ட கேளுங்க. உங்க பொண்ணு பெரியவளாகி அவளுக்குப் பிள்ளை பிறக்கும்போது என்ன ஆகும்னா, டிஎன்ஏ எழுத்துல எதுவும் மாறாத வகைன்னா பயம் இல்ல, அவ உடம்புல முட்டை உருவாகும்போது பழைய அடையாளம் எல்லாம் அழிஞ்சு புதுசா போடப்படுது, அழிக்கற வேலை அவ பிறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும், புதுசா போடறது பின்னாடி முட்டை வளரும்போது நடக்கும்.

ரிப்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்தைப் பேர், ஐடி நம்பர், ஆஸ்பத்திரி பேர் எல்லாம் மறைச்சுட்டு இங்க போட்டீங்கன்னா எந்த வகைன்னு பாத்துச் சொல்றேன், ஐசி1 ஐசி2 எண்கள் மட்டும் டைப் பண்ணினாலும் போதும். அடுத்த ஸ்கேன் தேதியை மட்டும் இதுக்காகத் தள்ளிப் போடாதீங்க.